நெல்மூடையைப் படிக்கல்லாக்கிய முனாப் அவர்களுக்கு ஆலைத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்

கடலலை கரையில் ஒதுக்கிய கருமணலைக் காந்தமும் கணினியும் கொண்டு கனியமாக்கும் எங்கள் ஆலையில், இருபத்தாறு ஆண்டுகள் கருவிகளுக்குக் காவலாகவும் அளவுகளுக்கு ஆதாரமாகவும் நின்று, இன்று அறுபது வயது நிறைந்து பணியிலிருந்து விடைபெறும் கருவிப் பொறுப்பாளரே, மாவடிப்பள்ளி தந்த மதிப்பிற்குரியவரே, அழுத்தமானிகளின் அன்பரே, வெப்பமானிகளின் விசுவாசியே, வால்வுகளின் வாட்டம் அறிந்த வைத்தியரே, எம். ஐ. முனாப் அவர்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

அடைமொழிகள் இத்துடன் முடிந்தன. முதலில் எழுதிய மடலில் அவை இரண்டு பக்கத்துக்கு நீண்டன. விழாவில் உரக்க வாசிப்பதற்கென்று நாங்கள் தெரிவு செய்த கட்டுப்பாட்டறைச் சுல்பிகா அதைக் கென்டீனில் வைத்து வாசித்துப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு, அண்ணனைக் காக்கா என்னும் எங்கள் ஊர் வழக்கில், "இது முனாப் காக்காவா, இல்லாட்டி பாலம் திறக்க வந்த மந்திரியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாராலும் சிரிக்காமல் அந்தத் தாளைத் தொட முடியவில்லை. ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆய்வுகூடத்து ஹிமாயாவின் கையில் பேனாவைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னோம்.

மடல் என்றால் விடைபெறுபவரை நேரே பார்த்து "நீங்கள், நீங்கள்" என்று சொல்வதுதான் முறை. எங்களுக்கும் அது தெரியும். ஆனால் உங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் "வேல இரிக்கி" என்று எழுந்து போய்விடுவீர்கள். இருபத்தாறு வருடமும் அதைத்தான் செய்தீர்கள். எனவே இனி வரும் பக்கங்களில் நீங்கள் "நீங்கள்" அல்ல, "அவர்". வேறு யாரோ ஒரு முனாப்பின் கதை என்று நினைத்துக்கொண்டு கதிரையில் சும்மா இருந்து கேளுங்கள். வாசிக்கும் சுல்பிகாவும் இந்தக் கதையில் வருகிறார். அவருக்கும் அதே ஏற்பாடுதான்.

விருந்தினர்களுக்காக ஆலையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கரையிலிருந்து வரும் மணலைத் தண்ணீரில் அலசினால் வெள்ளை மணல் கழிந்து, பாரமான கறுப்பு மணல் மிஞ்சும். அது ஈரமாக இருக்கும். ஈரத்தோடு காந்த உருளைகளில் விட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எதுவும் பிரியாது. ஆகவே நடுவில் ஒரு டிரையர். லொறி நீளத்துக்குச் சுழலும் இரும்புக் குழாய் அது, ஒரு முனையில் நெருப்பு. நெருப்புக் குறைந்தால் மணல் காயாது. கூடினால் மணலைத் தாங்கிப் போகும் அடுத்த ரப்பர் பெல்ட் கருகும். முன்பெல்லாம் ஓர் ஆள் பக்கத்தில் நின்று மணலை அள்ளிப் பார்த்து எண்ணெய் வால்வைத் திருகுவார். பதினொரு வருடத்துக்கு முன் கணினி வந்தது. டிரையருக்குள் போகும் பெல்ட்டின் அடியில் ஒரு தராசு பொருத்தினார்கள். எத்தனை தொன் மணல் போகிறது என்று தராசு சொல்லும். கணினி அதைக் கேட்டு நெருப்பைக் கூட்டும், குறைக்கும். இப்படிக் கணினி தானாக ஓட்டுவதை எங்கள் பேச்சில் "ஓட்டோ" என்போம். தராசு சொல்வதைக் கணினி நம்பும். தராசு சரியாகச் சொல்கிறது என்று முனாப் சொல்வதை நாங்கள் நம்புவோம்.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. உப்புக் காற்று ஆலைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தின்னும். கம்பியைத் தின்னும், திருகாணியைத் தின்னும், ஆறு மாதத்தில் புதுப் பெட்டியின் மூடியைத் தின்னும். முனாப் ஒவ்வொரு கருவியையும் மாதம் ஒரு தரம் திறந்து, துடைத்து, கிரீஸ் பூசி, சோதித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டியில் திகதியும் ஒப்பமும் இடுவார். நூற்று நாற்பத்திரண்டு கருவிகள். ஒரு மாதமும் ஒன்றும் தவறியதில்லை. அந்த ஒப்பத்தைக் கண்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. கதையின் கெட்ட காலம் அங்கேதான் தொடங்குகிறது.

பெல்ட் தராசைச் சோதிக்க ஒரு படிக்கல் வேண்டும். பெல்ட்டை நிறுத்திவிட்டு, எடை தெரிந்த ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு, கணினி அதே எடையைக் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். காட்டாவிட்டால் காட்டும்படி திருத்துவது. எங்களிடம் அறுபது கிலோ இரும்புப் படிக்கற்கள் இருந்தன. இரண்டாயிரத்து இருபத்து மூன்று தை மாதம் அவற்றை முத்திரை பதிக்கவென்று கொழும்புக்கு அனுப்பினார்கள். போனவை போனவைதான். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை என்று இருந்த காலத்தின் வால் அது. இரும்பு எங்கே கிடக்கிறது என்று கேட்கக்கூட ஆளில்லை. மாதச் சோதனை நிற்கக் கூடாது என்பது முனாப்பின் பிடிவாதம். பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்ததும் மாவடிப்பள்ளியில் தன் காணி நெல்லில் ஒரு மூடையை மில்லுக்குக் கொண்டுபோய், மின் தராசில் வைத்து, பிடி பிடியாக எடுத்துப் போட்டுச் சரியாக அறுபது கிலோவாக்கி, வாயைக் கோணி ஊசியால் தைத்து, ஆலைக்குக் கொண்டுவந்தார்.

மணல் ஆலையில் மணலுக்கா பஞ்சம் என்று விருந்தினர்கள் கேட்கலாம். அன்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் எதையும் மூடையால் அளந்தே பழக்கம். காணியின் விளைச்சல் எத்தனை மூடை, கலியாணச் சாப்பாட்டுக்கு அரிசி எத்தனை மூடை, ஓர் ஆளின் பலத்தைக்கூட எத்தனை மூடை சுமப்பான் என்றுதான் சொல்வோம். முனாப் மூடை கொண்டுவந்ததை நாங்கள் புத்தி என்று மெச்சினோம். கருவியறையின் மூலையில் அந்த மூடைக்கு ஓர் இடம் கிடைத்தது. கருவிகளின் மின்னணு அட்டைகளில் உப்புப் படியாதிருக்க அங்கே இரவு பகலாக ஏசி ஓடும். மூடை பாட்டுக்குக் குளிரில் கிடந்தது. மாதம் ஒரு தரம் அதைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு, கணினி கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அறுபது காட்டும்படி திருத்திவிட்டு, முனாப் ஒப்பம் வைத்தார்.

ஆகஸ்ட் மாதம் வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் சுல்பிகா கட்டுப்பாட்டறையில் இருந்தார். அவர் மருதமுனைக்காரர். எங்கள் ஆலையில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். அப்போது ஆறு வருட அனுபவம். கணவரின் தறி வேலைக்கு ஓடர் குறைந்த காலம், இரண்டு பிள்ளைகளோடு வீடு அவருடைய சம்பளத்தில்தான் ஓடியது. திரையில் மணிக்கு இருபத்திரண்டு தொன் என்று தெரிந்தது. பெல்ட்டைக் காட்டும் கமராவைப் பார்த்தால் மணல் அவ்வளவு இருப்பதாகத் தெரியவில்லை. உடனே முனாப்புக்குப் போன் எடுத்தார்.

"காக்கா, தராசு கூடக் காட்டுற மாதிரி இரிக்கி. பெல்ட்டுல மணல் மெல்லிசாத்தான் போகுது."

"நான் போன கிழமதானே பாத்த. தராசு சரி புள்ள. ஓட்டோவிலயே விடுங்க."

சுல்பிகா போனை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் திரையையும் கமராவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முனாப் சொன்னதைக் கேட்காமல் டிரையரைக் கணினியின் பிடியிலிருந்து கழற்றி, கைமுறைக்கு மாற்றி, நெருப்பைக் குறைத்தார். கணினி அந்த நேரத்தைப் பதிந்தது: பத்து நாற்பத்திரண்டு. பத்து ஐம்பதுக்கு டிரையரிலிருந்து மணல் வெளிவரும் வாயிலுள்ள ரப்பர் பெல்ட் தீப்பற்றியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு நாள் ஆலை நின்றது. கொழும்பிலிருந்து இரண்டு பொறியியலாளர்கள் வந்து கணினிப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு விடயம் வெளிச்சமாக இருந்தது. தானாக ஓடும்வரை எல்லாம் ஒழுங்கு, கைமுறைக்கு மாறி எட்டாவது நிமிடம் நெருப்பு. மணல் டிரையருக்குள் போய் வெளியே வர இருபது நிமிடம் எடுக்கும், எட்டு நிமிடத்தில் வந்தது நான் மாற்றுவதற்கு முன் காய்ந்த மணல் என்று சுல்பிகா சொன்னார். அது சரிதான், ஆனால் அதற்கு முன் தராசு சரியாக இருந்ததென்றால் நெருப்பும் சரியாகத்தானே இருந்திருக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். தராசு சரியா? முனாப்பைக் கூப்பிட்டார்கள். அவர் அதே மூடையை மறுபடி தொங்கவிட்டுக் காட்டினார். திரை அச்சொட்டாக அறுபது காட்டியது. அவர் ஒப்பம் வைத்தார். ஓட்டோவிலேயே விடச் சொன்னேன் என்றும் உள்ளதைச் சொன்னார்.

அத்தோடு சுல்பிகாவின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எட்டு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசி விசாரணை திங்கட்கிழமை. அறிக்கை ஏற்கெனவே எழுதி, மேலிடத்துக்கும் போய்விட்டது: இயக்கியவரின் தவறு. அப்படியொரு கடிதத்தோடு வெளியே போனால் இந்தக் கரையில் வேறெந்த ஆலையும் கதவு திறக்காது. கல்முனைக் கடைத்தெருவில் பொம்பிளையிடம் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று கதைத்தவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம்.

அந்தச் சனிக்கிழமை முனாப்பின் காணியில் சிறுபோக வெட்டு. வெட்டுமெஷின் கொட்டிய நெல்லை அங்கேயே மூடை கட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நெல் வியாபாரி வழக்கம்போல் தொடங்கினார்.

"பச்ச நெல்லு காக்கா. மூடைக்கு அஞ்சு கிலோ கழிச்சித்தான் எடுப்பன்."

"அறுவது நிறுத்துக் கட்டின மூட. கண்ணால பாத்தீங்கதானே."

"இண்டைக்கு அறுவது. ஸ்டோர்ல நாலஞ்சு மாசம் கிடந்த பொறகு நிறுத்துப் பாருங்க. அம்பத்தஞ்சும் வராது. ஆவியாப் போன தண்ணிக்கு நான் எங்க போற?"

வருடத்துக்கு இரண்டு தரம், முப்பது வருடமாக நடக்கும் வாக்குவாதம் இது. அதற்கு முனாப்பிடம் ஆயத்தமான பதில்கள் ஏழெட்டு உண்டு. அன்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "சரி, கழியுங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வியாபாரி பயந்துபோய் வீட்டுக்குப் போன் எடுத்து, காக்காவுக்குச் சுகமில்லையா என்று ஸகியா ராத்தாவிடம் விசாரித்தாராம். ஸகியா ராத்தா முனாப்பின் மனைவி. இந்தப் பகுதியை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

ஆலை நின்று கிடந்தது. காவலாளியைத் தவிர யாரும் இல்லை. முனாப் கருவியறைக்குள் போய் மூலையில் கிடந்த மூடையைத் தூக்கினார். பங்குனியில் இரண்டு பேர் பிடித்து இறக்கிய மூடை, தனியாகத் தூக்க வந்துவிட்டது. களஞ்சியத்துத் தராசில் வைத்தார். ஐம்பத்து நாலரை. இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். ஐம்பத்து நாலரை. தராசில் பிழையோ என்று தானே ஏறி நின்று பார்த்தார். முந்தின கிழமை கிளினிக்கில் காட்டிய அதே எழுபத்தெட்டுக் காட்டியது. தராசு சரி.

ஐந்து மாதமாக ஏசிக் குளிர் நெல்லின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. மாதா மாதம் மூடை இளைக்க இளைக்க, அது இன்னும் அறுபதுதான் என்று முனாப் பெல்ட் தராசுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். பெல்ட் தராசு அந்தப் பொய்யைக் கற்றுக்கொண்டு இல்லாத மணலைக் காட்டியது. கணினி இல்லாத மணலுக்கும் சேர்த்து நெருப்பு வைத்தது. கச்சான் காற்றில் மணல் முன்பே பாதி காய்ந்து வந்தது. சுல்பிகா கண்ணால் கண்டு சொன்னது சரி. முனாப் ஒப்பம் வைத்துச் சொன்னது பிழை.

வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன் உட்கார்ந்தவர் கை வைக்கவில்லை. ஸகியா ராத்தா துருவிக் கேட்டு விடயத்தை வாங்கினார்.

"இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப ஒனக்கு."

"சொன்னா?"

"அந்தத் தலைமப் போஸ்ட் வராது."

அந்த மாதம் கருவிப் பகுதியின் தலைமைப் பதவி அவருக்கென்று பேசி முடித்திருந்தார்கள். கடிதம் வருவது மட்டும்தான் பாக்கி.

"சொல்லாட்டி?"

"சுல்பிகா போவா. நீ என்ன சொல்ற?"

"நான் சொல்லாதீங்க எண்டு சொன்னா, சொல்லாம இரிப்பீங்களா?"

முனாப் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப என்னத்துக்கு என்னக் கேக்கிறீங்க? சோறு ஆறுது, தின்னுங்க."

அவர் அதற்குப் பிறகு நிம்மதியாக உறங்கினார் என்று எழுதினால் மடலுக்கு அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும், அந்த மூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவித்துக் குத்தி அரிசியாக்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்ற எண்ணம் போய்ப் போய் வந்தது என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவரை மகானாக, அவுலியாவாக ஆக்க எங்களுக்கும் விருப்பமில்லை. வந்த எண்ணத்தை வாசலில் நிறுத்திவைத்த மனிதர் என்று மட்டும் சொல்கிறோம்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் ஆலை முகாமையாளர் நல்லரெத்தினம் நடுவில் இருந்தார். கொழும்புப் பொறியியலாளர்கள் இரு பக்கமும். மேசையின் கோடியில் சுல்பிகா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முனாப் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மூடையோடு உள்ளே வந்தார்.

"என்ன முனாப், ஆலைக்குள்ள நெல்லு மூட?"

"படிக்கல் சேர்."

ஒரு பொறியியலாளர் சிரித்தார். முனாப்பின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முனாப் களஞ்சியத்துத் தராசையும் எடுப்பித்து வந்து அவர்கள் கண்ணுக்கு முன்னால் மூடையை வைத்தார். பங்குனியில் மில்லில் நிறுத்தபோது தந்த எடைத் துண்டுச்சீட்டையும் பக்கத்தில் வைத்தார். அதில் அறுபது, இதில் ஐம்பத்து நாலரை. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"மணல் ஆலையில மணலால ஒரு மூட கட்டுவம் எண்டு தோணல்லையா?" என்று நல்லரெத்தினம் கேட்டார்.

"மணல் ஈரம் குடிக்கும் எண்டு நினைச்ச சேர். நெல்ல நம்பின." பிறகு சுல்பிகாவைக் காட்டினார். "இந்தப் புள்ள எனக்குப் போன் எடுத்துச் சொன்ன, தராசு கூடக் காட்டுது எண்டு. நான் கேக்கல்ல. நெருப்பக் கொறைக்காம விட்டிருந்தா பெல்ட்டோட டிரையரும் போயிரிக்கும். பிழ அவட இல்ல. எண்ட. அத எழுத்தில தாறன்."

அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். கருவிப் பொறுப்பாளராகிய நான் என்று தொடங்கி, எந்தத் திகதியில் எவ்வளவு திருத்தினேன் என்று ஐந்து மாதக் கணக்கும் வைத்து, அடியில் ஒப்பம் இட்டார்.

சுல்பிகா அழவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. நடைபாதையில் முனாப்பை நிறுத்தினார்.

"எட்டு நாள் காக்கா. எங்கட ஊர்ல தல நிமித்தி நடக்க ஏலாமப் போச்சு. நான் சொன்னத ஒருத்தரும் கேக்கல்ல, நீங்க ஒப்பம் வெச்சிட்டீங்க எண்டதுக்காக."

"ஓம்."

"நீங்களும் கேக்கல்ல."

"ஓம் புள்ள. நானும் கேக்கல்ல."

அதற்குப் பிறகு மூன்று வாரம் சுல்பிகா அவரோடு கதைக்கவில்லை. எங்களில் சிலர் அவரைக் குறை சொன்னோம். இவ்வளவு செய்த மனிதரோடு இப்படியா என்றோம். இப்போது யோசித்தால் சுல்பிகாவின் கோபத்துக்கு அந்த மூன்று கிழமை மிகவும் குறைவு.

சுல்பிகா நாற்காலிக்குத் திரும்பினார். முனாப்புக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. தலைமைப் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் நல்ல மனிதர், இன்று முன்வரிசையில் இருக்கிறார், இதைக் கேட்டு நெளிய வேண்டாம். இரும்புப் படிக்கற்கள் கார்த்திகையில் வந்து சேர்ந்தன. யாரும் அவற்றை வரவேற்கவில்லை.

முனாப் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார். இனி எந்தக் கருவிக்கும் ஓர் ஒப்பம் போதாது, சோதிப்பவர் ஒருவர், பார்த்துச் சரி சொல்பவர் இன்னொருவர் என்று இரண்டு வேண்டும் என்றார். அந்த இரண்டாவது ஆள் யார் என்று நல்லரெத்தினம் கேட்டபோது சுல்பிகாவின் பெயரைச் சொன்னார். சுல்பிகாவைக் கூப்பிட்டார்கள்.

"அவர் வெக்கிறதுக்கெல்லாம் நான் ஒப்பம் வெக்கமாட்டன்" என்றார் சுல்பிகா.

"அதுக்குத்தான் ஒங்கட பேரச் சொன்ன" என்றார் முனாப்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அப்படியே நடந்தது. நாலு தரம் சுல்பிகா ஒப்பம் வைக்க மறுத்து, மீண்டும் சோதிக்கும்படி திருப்பி அனுப்பினார். மூன்று தரம் முனாப் சரி. ஒரு தரம் சுல்பிகா சரி. திருப்பி அனுப்பியபோதெல்லாம் முனாப் முகம் சுளிக்கவில்லை என்று எழுத எங்களுக்கு ஆசைதான். சுளித்தார். சுளித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். இன்று எங்கள் ஆலையில் ஒரு கருவியின் மேல் யாருக்காவது சந்தேகம் வந்தால், அது கடைசித் தொழிலாளி ஆனாலும், பெல்ட் நிறுத்திப் பார்க்கப்படும். இருபத்தாறு வருடத்தில் முனாப் ஆலைக்குப் பொருத்திய கருவிகளில் இதுதான் விலை கூடியது, அதற்குக் கொடுத்தது அவருடைய பதவி.

இனிச் சொல்லப்போவது போன மாதம் நடந்தது. நல்லரெத்தினம் ஐயாவுக்கும் முனாப்புக்கும் மட்டும் தெரிந்த விடயம். ஐயா ஹிமாயாவிடம் சொன்னார். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க பிள்ளை, ஆனா விழாவுக்கு முன்ன ஆருக்கும் காட்டாதீங்க" என்றார். அதனால் இந்தப் பக்கத்தை வாசிப்பவருக்கும் காட்டவில்லை.

முனாப்பை அறைக்கு அழைத்து, கம்பனி அவருக்கு ஒரு பரிசு கொடுக்க விரும்புகிறது என்றார் ஐயா. எச்சரிக்கைக் கடிதத்தையும் அதோடு இணைந்த அவருடைய ஒன்றரைப் பக்கத்தையும் கோப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். சேவைச் சான்றிதழில் ஒரு கறையும் இல்லாத இருபத்தாறு வருடம் என்று எழுதிக் கொடுப்பார்கள். முனாப் கோப்பைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் தாளாகப் புரட்டினார்.

"இத எடுத்தா, இதுக்கு முன்னால இரிக்கிற தாள்?"

"அது முதல் அறிக்கை. தலைமையகத்துக் கணினியில ஏறிட்டுது. அத எடுக்க ஏலாது. உம்மட கடிதம் சேர்ந்தாப் பிறகுதான் அது செல்லாமப் போச்சு."

"அப்ப என்னுடயத எடுத்தா, சுல்பிகாட பேர்தான் மிஞ்சும்."

"ரெண்டு வருஷம் முடிஞ்சுது முனாப். இனி ஆர் அதத் திறந்து பாக்கப் போறா?"

"அடுத்த மாசம் கட்டுப்பாட்டறைத் தலைமப் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ இரிக்கி. அந்தப் புள்ளயும் அப்ளிகேசன் போட்டிரிக்கி. கோப்பத் திறப்பாங்க சேர்." கோப்பை மூடி மேசையில் வைத்தார். "எண்ட கடிதம் அதிலயே இரிக்கட்டும்."

வெளியே வந்து யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஸகியா ராத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் இப்போதுதான் கேட்கிறார்.

சுல்பிகா, இதை முன்கூட்டிக் காட்டாததற்கு எங்களை மன்னியுங்கள். காட்டியிருந்தால் வாசிக்கச் சம்மதித்திருக்க மாட்டீர்கள். அவசரமில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். சபை பொறுத்திருக்கும். வாழ்த்து இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.

முனாப் அவர்களே, இனி நீங்கள் மறுபடியும் "நீங்கள்". நோயின்றி, நொடியின்றி, காணியும் கடற்காற்றும் களைப்பாற்ற, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரியட்டும். உங்கள் சேவைச் சான்றிதழில் உள்ளதை அப்படியே இங்கும் பொறித்திருக்கிறோம், சட்டகம் இட்டு வீட்டில் மாட்டும்போது விருந்தினர் வாசிக்கட்டும்: சேவைக் காலம் இருபத்தாறு ஆண்டு. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. அவரது சொந்த வேண்டுகோளின்படி கோப்பில் வைக்கப்பட்டுள்ளது.

இவ்வண்ணம்,
நல்லரெத்தினம், ஆலை முகாமையாளர்
ஹிமாயா, ஆய்வுகூடம்
சுல்பிகா, கட்டுப்பாட்டறை
மற்றும் தோழர்கள் நூற்றுப் பதினால்வர்
ஒக்டோபர், 2025